வக்ஃபு: உமர் (ரழி) காட்டிய வழியும் நம் கடமையும்

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்ஜு ஆகியவற்றின் சட்டங்களை நம் வீடுகளில் சிறுவர்களும் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஆனால், நாம் ஸஜ்தா செய்யும் பள்ளிவாசல் நிற்கும் நிலத்தை வக்ஃபு செய்தவர் யார், அதன் பத்திரம் எங்கே இருக்கிறது, பள்ளிக்குச் சொந்தமான கடைகளிலிருந்து மாதம் எவ்வளவு வாடகை வருகிறது என்று கேட்டால், பெரியவர்களிலும் பலருக்கு விடை தெரிவதில்லை. "அதையெல்லாம் முத்தவல்லி பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த அலட்சியம் முன்பும் குற்றமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பெல்லாம் நாம் உறங்கினாலும் சட்டம் ஓரளவு விழித்திருந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 8 முதல் அந்நிலை மாறிவிட்டது. எனவே, வக்ஃபு என்றால் என்ன, அதைக் காப்பது எவர் கடமை, எப்படிக் காப்பது என்பதை ஒவ்வொரு முஸ்லிம் வீட்டாரும் அறிந்துகொள்வது அவசியமாகிறது. அதை இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

வக்ஃபு என்பது என்ன?

'வக்ஃபு' என்ற அரபுச் சொல்லுக்கு 'தடுத்து நிறுத்துதல்' என்பது பொருள். ஷரீஅத்தின் வழக்கில், ஒரு பொருளின் மூலத்தைக் கைமாறாமல் தடுத்து நிறுத்தி, அதன் பலனை மட்டும் நற்காரியத்துக்கு விட்டுவிடுவதே வக்ஃபு. தோப்பு நிற்கும், தேங்காய் ஏழைக்குப் போகும். கடை நிற்கும், வாடகை மத்ரஸாவுக்குப் போகும்.

ஷாஃபிஈ மத்ஹபில் வக்ஃபுக்கு நான்கு ருக்னுகள் கூறப்படும். வக்ஃபு செய்பவர் (வாகிஃப்), வக்ஃபு செய்யப்படும் பொருள், எவருக்காக அல்லது எதற்காகச் செய்யப்படுகிறதோ அது, வக்ஃபு செய்வதை உணர்த்தும் சொல் ஆகியனவே அவை. இவை நிறைவேறிய உடனே அப்பொருள் மனிதர்களின் உடைமையிலிருந்து நீங்கி அல்லாஹ்வின் உடைமையாகிவிடுகிறது என்பது அம்மத்ஹபின் முடிவு. ஹனஃபி மத்ஹபில், வக்ஃபு எப்போது மீளமுடியாததாகிறது என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து வேறாக இருந்தது. எனினும், அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் சொல்லின்மீதே ஃபத்வா அமைந்துள்ளது. எனவே செய்த வக்ஃபைத் திரும்பப் பெற முடியாது என்பதே அம்மத்ஹபிலும் நடைமுறை.

மனிதன் மரணித்த பின்னும் நிற்காமல் நன்மை சேர்க்கும் காரியங்களில் ஒன்றாக ஸதகத்துல் ஜாரியாவைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது வக்ஃபே என்பது உலமாக்களின் விளக்கம். அப்படியானால், ஒரு வக்ஃபு அழியும்போது நிலம் மட்டும் போவதில்லை. கபுரில் கிடக்கும் ஒரு மனிதருக்குச் சேர்ந்துகொண்டிருந்த நன்மையின் வாய்க்காலை நாம் அடைத்துவிடுகிறோம். இதை மனத்தில் கொண்டுதான் இவ்விஷயத்தை அணுக வேண்டும்.

கைபர் நிலம் புகட்டும் பாடம்

வக்ஃபுச் சட்டங்களுக்கு அடிப்படையாக ஃபிக்ஹு நூல்கள் எடுத்துவைக்கும் முதன்மையான ஹதீஸ், உமர் (ரழி) அவர்களின் கைபர் நிலம் பற்றியதே. இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் பதிவாகியுள்ளது.

கைபரில் உமர் (ரழி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட விலைமதிப்புள்ள சொத்து தமக்குக் கிடைத்ததில்லை என்று அவர்கள் கருதினார்கள். அதைக் கொண்டு என்ன செய்வது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து, விளைச்சலைத் தர்மமாக்கலாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். அவ்வாறே உமர் (ரழி) அவர்கள், அந்நிலம் விற்கப்படக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படக் கூடாது, வாரிசுரிமையாகப் பங்கிடப்படக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் ஏழைகள், உறவினர், அடிமைகளின் விடுதலை, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்காக அதை வக்ஃபு செய்தார்கள்.

அபூதாவூதில் வரும் அறிவிப்பு இன்னும் பல விவரங்களைத் தருகிறது. தம் கிலாஃபத்துக் காலத்தில் உமர் (ரழி) அவர்கள் இந்த வக்ஃபை எழுத்தில் பதிவு செய்தார்கள். எழுதியவர் முஐகீப் (ரழி). சாட்சி அப்துல்லாஹ் இப்னு அல்அர்கம் (ரழி). சொத்துக்கள் 'தம்ஃக்' என்பது முதலாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. நிர்வாகப் பொறுப்பு தம் மகளாரும் முஃமின்களின் அன்னையுமாகிய ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு. அவர்களுக்குப் பின், குடும்பத்தில் நல்ல சிந்தனையுள்ளோருக்கு. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், நண்பருக்கும் உண்ணக் கொடுக்கலாம். ஆனால் அதைக்கொண்டு பொருள் சேர்க்கக் கூடாது.

இதிலிருந்து நாம் நான்கு பாடங்களைப் பெறுகிறோம்.

ஒன்று: வக்ஃபு எழுத்தில் இருக்க வேண்டும். உமர் (ரழி) அவர்களின் வாய்ச்சொல்லை மதீனாவில் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள். ஆயினும் எழுதினார்கள், சாட்சி வைத்தார்கள், சொத்தைப் பெயரிட்டுக் குறித்தார்கள்.

இரண்டு: மூலம் கைமாறக் கூடாது. விற்பனை, அன்பளிப்பு, வாரிசுரிமை என்ற மூன்று வாசல்களும் அடைக்கப்பட்டன. ஒரு சொத்து மனிதர் கையைவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் இம்மூன்றுமே வழி.

மூன்று: வாகிஃப் குறித்த நோக்கத்துக்கே பலன் செல்ல வேண்டும். வாகிஃபின் நிபந்தனை, ஷரீஅத்துக்கு முரண்படாத வரை, ஷரீஅத்தின் வாசகத்தைப் போலவே பின்பற்றத்தக்கது என்பது ஃபுகஹாக்களின் பிரபலமான விதி. மையவாடிக்கு விட்ட தோப்பின் வருமானத்தைப் பள்ளியின் அலங்கார விளக்குக்குச் செலவிட முத்தவல்லிக்கு உரிமையில்லை.

நான்கு: நிர்வாகம் தகுதிக்குரியது, அது உடைமை அல்ல. ஹஃப்ஸா (ரழி) அவர்கள் எழுத்தறிந்தவர்கள். அருள்மறையின் ஏடுகளையே காத்துவைத்த பெருமாட்டி. அடுத்து வருவோருக்கும் 'நல்ல சிந்தனை' என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. முத்தவல்லி பதவி பரம்பரையாக வரலாம். ஆனால் தகுதியும் கூடவே வரவேண்டும்.

இந்த நான்கையும் அளவுகோலாக வைத்து நம் ஊர்களின் நிலையைப் பார்ப்போம்.

நம் நாட்டுச் சட்டம் கடந்துவந்த பாதை

ஆங்கிலேயர் ஆட்சியில், 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில், சந்ததியினரின் நலனுக்காகச் செய்யப்படும் குடும்ப வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மௌலானா ஷிப்லி நுஃமானீ (ரஹ்) போன்ற ஆலிம்கள் இதை எதிர்த்து ஆதரவு திரட்டினார்கள். முஹம்மது அலீ ஜின்னா சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாக 1913இல் வக்ஃபை உறுதிப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. பிரிவி கவுன்சிலின் தீர்ப்பையே மாற்றவைத்த அந்த முயற்சி, ஆலிம்களும் சட்டம் அறிந்தோரும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்று.

1923ஆம் ஆண்டுச் சட்டம், முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் மாநில வக்ஃபு வாரியங்களுக்கு வழிசெய்தது. அதற்குப் பதிலாக 1995இல் விரிவான சட்டம் வந்தது. 2013இல் செய்த திருத்தம், வக்ஃபு சொத்தை விற்பது, அன்பளிப்புச் செய்வது, பரிவர்த்தனை செய்வது, அடமானம் வைப்பது ஆகியவை தொடக்கம் முதலே செல்லாதவை என்று அறிவித்தது. அரசு பொதுக்காரியத்துக்குச் சட்டப்படி நிலம் எடுப்பது மட்டும் விதிவிலக்கு. உமர் (ரழி) அவர்கள் அடைத்த வாசல்களைச் சட்டமும் அடைத்தது என்றே கூறலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அரசியல் சாசனத்தின் 26ஆவது பிரிவு, எந்தச் சமயப் பிரிவினருக்கும் சமய, தர்மக் காரியங்களுக்கான நிறுவனங்களை அமைத்து நடத்தவும், சொத்து வைத்திருக்கவும், அதைச் சட்டத்துக்கு உட்பட்டு நிர்வகிக்கவும் உரிமை தந்துள்ளது. இது சிறுபான்மையினருக்குக் காட்டும் சலுகை அன்று. இந்நாட்டின் எல்லாச் சமயத்தாருக்கும் உரிய அடிப்படை உரிமை.

2025இல் என்ன மாறியது?

வக்ஃபு திருத்தச் சட்டம் 2025, அவ்வாண்டு ஏப்ரல் 8 முதல் அமலுக்கு வந்தது. அதன் பல ஷரத்துகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்கால ஆணை பிறந்தது. ஐந்து ஆண்டுகளாக இஸ்லாத்தைப் பின்பற்றி வருபவர் மட்டுமே வக்ஃபு செய்யலாம் என்ற நிபந்தனை, அதை அறிவதற்குரிய விதிகள் வகுக்கப்படும் வரை நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு சொத்து அரசுக்குரியதா வக்ஃபா என்பதை அரசு அதிகாரியே விசாரித்து முடிவு செய்யும் ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகளும் நிறுத்தப்பட்டன. முஸ்லிமல்லாத உறுப்பினர்கள் மத்திய கவுன்சிலில் நால்வருக்கு மேலும், மாநில வாரியங்களில் மூவருக்கு மேலும் இருக்கலாகாது என்று வரம்பு வைக்கப்பட்டது. ஏனைய ஷரத்துகளுக்கு அந்த ஆணை தடை விதிக்கவில்லை. அவற்றுள் மூன்றை ஒவ்வொரு ஜமாஅத்தும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இனி வக்ஃபுப் பத்திரம் இல்லாமல் புதிய வக்ஃபு சட்டப்படி ஏற்படாது.

இரண்டாவது, பத்திரம் இல்லாவிடினும் நெடுங்காலமாகத் தொழுகைக்கோ அடக்கத்துக்கோ பயன்பட்டு வந்ததால் வக்ஃபு என்று கொள்ளப்படும் முறை, வருங்காலத்துக்கு நீக்கப்பட்டுவிட்டது. இச்சட்டம் வருமுன்பே பதிவு செய்யப்பட்ட அத்தகைய வக்ஃபுகள் நீடிக்கும். தகராறில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் இதில் அடங்கா. ஆனால் பதிவு செய்யாமல் விட்ட பழைய பள்ளிகளும் மையவாடிகளும் என்னவாகும்? பல நூறு ஆண்டுகளுக்கு முன் நிலம் விட்ட பெரியவர்கள் பத்திரம் எழுதிவைக்கவில்லை. அக்காலத்தில் பதிவு அலுவலகமும் இல்லை. பதிவு செய்யும் கடமை நெடுங்காலமாகவே சட்டத்தில் இருந்து வருவதை உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியுள்ளது. சட்டத்தின் நியாய அநியாயம் நீதிமன்றத்தில் வாதிக்கப்பட வேண்டியதே. ஆனால் இத்தனை காலம் பதிவு செய்யாமல் இருந்ததற்கு நாம் யாரைக் குறைகூற முடியும்?

மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆவது பிரிவு, வக்ஃபு நிலத்தை மீட்கத் தொடரும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்றது. ஆக்கிரமித்தவர் நாற்பது ஆண்டு இருந்தாலும், 'காலம் கடந்துவிட்டது' என்று கூறித் தப்ப முடியாது. 2025 திருத்தம் அந்தப் பாதுகாப்பை நீக்கி, 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் வக்ஃபுக்கும் பொருந்தும் என்று ஆக்கிவிட்டது. தமக்கென்று உரிமை கொண்டாடி அனுபவித்து வருபவரிடமிருந்து நிலத்தை மீட்க, பொதுவாக அச்சட்டம் தரும் அவகாசம் 12 ஆண்டுகள். ஒருமுறை வக்ஃபானது என்றும் வக்ஃபே என்று 1998இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஹைதராபாத் வழக்கில் கூறியது. ஷரீஅத்திலும் அதுவே முடிவு. ஆயினும், மீட்க வழக்குப் போடும் காலத்தை நாம் தவறவிட்டால், அந்த உண்மை ஏட்டில் இருக்கும். நிலம் வேறொருவர் கையில் இருக்கும்.

ஆகவே மையவாடியின் ஓரத்தில் ஒருவர் வேலி போட்டால், "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடும் காலம் போய்விட்டது. வேலி எழுந்த நாளைக் குறித்துவைத்து, உடனே எழுத்து மூலம் ஆட்சேபித்து, வாரியத்துக்கும் தெரிவித்து, வழக்கறிஞரின் ஆலோசனைப்படி உரிய காலத்தில் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். வெறும் ஆட்சேபக் கடிதம் காலத்தை நிறுத்தாது என்பதையும் நினைவில் கொள்க. பழைய ஆக்கிரமிப்புகளுக்குக் காலத்தை எங்கிருந்து கணக்கிடுவது என்பது நுட்பமான சட்டப் பிரச்சினை. அதில் ஊகித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இவை தவிர, பதிவான வக்ஃபுகளின் விவரங்களை 'உமீத்' என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவும் உண்டு. 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய அந்தத் தளத்துக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதை நீட்டிக்க 2025 டிசம்பர் 1 அன்று மறுத்த உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயங்களை அணுகலாம் என்றது. நம் ஊர் வக்ஃபு அதில் ஏறியதா, எல்லாச் சர்வே எண்களும் பிழையின்றி ஏறினவா என்று ஜமாஅத்தில் கேட்டறிவது நம் கடமை. விடுபட்டிருந்தால் வாரியத்தையும் வழக்கறிஞரையும் தாமதமின்றி அணுக வேண்டும்.

பத்திரமும் பட்டாவும்

தமிழகத்தில் வக்ஃபு நிலங்கள் பதிவேட்டில் மறைந்துபோன வழிகள் இரண்டை இங்கே குறிப்பிடலாம்.

பள்ளிவாசல்களுக்கும் தர்ஹாக்களுக்கும் நவாபுகளும் மன்னர்களும் பாளையக்காரர்களும் விட்ட மானிய நிலங்கள் பல உண்டு. 1860களில் இனாம் கமிஷன் இவற்றை விசாரித்து, 'இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் எழுதியது. நிலம் யாரால், எதற்காக விடப்பட்டது என்பதை அறிய இன்றும் நீதிமன்றங்களில் அது வலுவான ஆதாரம். பின்னர் 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்து, ரயத்துவாரிப் பட்டா வழங்கப்பட்டபோது, உரிய நேரத்தில் மனுக் கொடுத்த நிறுவனங்கள் பிழைத்தன. மனுக் கொடுக்காமல் இருந்துவிட்ட இடங்களில், குத்தகைதாரரோ ஊழியம் செய்தவரோ தம் பெயரில் பட்டாப் பெற்றதும் உண்டு.

அடுத்து, 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது 'இன்ன பள்ளிவாசல்' என்று இருக்க வேண்டிய இடத்தில், முத்தவல்லியின் பெயர் மட்டும் ஏறியது. சில இடங்களில் மையவாடி புறம்போக்கு என்று எழுதப்பட்டது. முத்தவல்லி இறந்தபின் அவருடைய மக்கள் பட்டாவைக் காட்டி, "எங்கள் அத்தா சொத்து" என்கிறார்கள். அவர்களும் அறியாமல் பேசுவது உண்டு. அவர்கள் கையில் இருக்கும் காகிதம் அப்படித்தான் சொல்கிறது!

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு கோப்பு தயாரித்துக்கொள்ள வேண்டும். மூலப்பத்திரம் அல்லது அதன் சான்றிட்ட நகல், இனாம் பதிவேட்டின் நகல், வக்ஃபு வாரியப் பதிவு, அரசிதழ் அறிவிப்பு, இப்போதைய பட்டா, சிட்டா, அடங்கல், நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுத வேண்டும். பிழை தெரிந்தால் வருவாய்த் துறையில் திருத்த மனுக் கொடுக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் நகல் கிடைப்பது தாமதமானால், 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கோப்பின் நகல் ஒன்று முத்தவல்லியிடமும், மற்றொன்று ஜமாஅத்தின் பொறுப்பான இருவரிடமும் இருக்கட்டும். முஐகீப் (ரழி) எழுதி, அப்துல்லாஹ் (ரழி) சாட்சியமிட்ட சுன்னத்தின் இக்கால வடிவம் இதுவே.

வாடகை என்னும் அமானிதம்

2006 நவம்பரில் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, இந்தியாவில் பதிவான வக்ஃபு சொத்துக்கள் 4.9 லட்சம், பரப்பு சுமார் 6 லட்சம் ஏக்கர், அவற்றின் சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குப் பத்து சதவீதம் வருமானம் கிடைத்தாலே 12,000 கோடி ரூபாய் வர வேண்டும். வந்ததோ சுமார் 163 கோடி ரூபாய்! ஆக்கிரமிப்புகளில் அரசுத் துறைகளின் பங்கும் இருப்பதை அந்த அறிக்கையே பட்டியலிட்டது. அதை நாம் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மீதிக் குறைக்கு நம் கைகளையே நாம் பார்க்க வேண்டும்.

பக்கத்துக் கடைக்கு இருபதாயிரம் ரூபாய் வாடகை என்றால், பள்ளிவாசல் கடைக்குச் சில நூறு ரூபாய். அதையும் வாடகைதாரர் உள்வாடகைக்கு விட்டுப் பல மடங்கு பெறுகிறார். சந்தையில் நிலவும் நியாயமான வாடகைக்குக் (அஜ்ருல் மிஸ்ல்) கணிசமாகக் குறைத்து வக்ஃபை வாடகைக்கு விட முத்தவல்லிக்கு அதிகாரமில்லை என்றும், அவ்வாறு குடியிருப்பவர் நியாயமான வாடகையையே கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றும் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. பிற்கால ஹனஃபி இமாம்கள், வக்ஃபு வீட்டை ஓராண்டுக்கு மேலும், விளைநிலத்தை மூன்றாண்டுக்கு மேலும் குத்தகைக்கு விடலாகாது என்று வரையறுத்தார்கள். நீண்டகாலம் ஒருவர் கையில் இருந்தால், பார்ப்பவர்கள் அவரையே உரிமையாளர் என எண்ணிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். எவ்வளவு தொலைநோக்கு! 2013 திருத்தமும், வக்ஃபு விவசாய நிலத்தின் குத்தகை மூன்றாண்டுக்கு மேற்பட்டால் செல்லாது என்றே கூறியது.

நமக்கு உரியதும், நமக்கு உரியதல்லாததும்

நம் உரிமையைக் காக்கப் புறப்படும் நாம், பிறர் உரிமையில் கை வைக்காதிருப்பது அதைவிட முக்கியம். மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்களின் ஒட்டகம் மண்டியிட்ட இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களின் பேரீச்சை உலர்த்தும் களமாக இருந்தது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தனர். நபியவர்கள் ஏற்காமல், விலை கொடுத்தே வாங்கி மஸ்ஜிதைக் கட்டினார்கள். டமாஸ்கஸில் கிறிஸ்தவர்களின் தேவாலயத்தை உமய்யா கலீஃபா வலீத் பள்ளிவாசலோடு சேர்த்துக்கொண்டதைப் பற்றி, பின்னாளில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் முறையிடப்பட்டது. அவர்கள் அதைத் திருப்பித் தர ஆணையிட்டார்கள். இறுதியில், வேறு தேவாலயங்களைப் பெற்றுக்கொண்டு கிறிஸ்தவர்கள் மனமொப்பிச் சமாதானமானார்கள். சிறுபான்மையினரின் வழிபாட்டுச் சொத்தைக் காப்பது இஸ்லாமிய ஆட்சியின் கடமையாக இருந்தது. அதே நீதியைத்தான் இன்று நாம் நமக்காகக் கேட்கிறோம்.

2022இல் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் நிலம் விற்கச் சென்றவரிடம், வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகம் கூறியது. ஊர் மக்கள் கலங்கினார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. அந்த நிலத்தின் பதிவேட்டு நியாயம் எதுவாயினும், நமக்கு அதில் ஒரு படிப்பினை உண்டு. ஆதாரமும் அளவும் தெளிவாக இல்லாத பட்டியல் அண்டை வீட்டாரை அச்சுறுத்தும். உண்மையான வக்ஃபுகளின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரிப்பவருக்கு மறுமையில் உள்ள தண்டனையை நாம் அறிவோம். அது வக்ஃபின் பெயரால் செய்தாலும் அநியாயமே.

அண்டை சமூகத்தாருடன் நமக்குள்ள பழைய உறவையும் மறக்கலாகாது. நாகூர் தர்ஹாவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அத்தகைய நல்லெண்ணமும் வக்ஃபின் ஒரு காவலே.

சில மஸ்அலாக்கள்

பலனற்றுப் போன வக்ஃபு நிலத்தை விற்று வேறு நிலம் வாங்கலாமா? ஷாஃபிஈ மத்ஹபில் பள்ளிவாசலின் நிலத்தை எந்நிலையிலும் விற்கக் கூடாது. ஹனஃபி மத்ஹபில், பள்ளிவாசல் அல்லாத வக்ஃபை மாற்றிக்கொள்ளக் காழியின் அனுமதி முதலிய கடும் நிபந்தனைகளுடன் இடமுண்டு. நம் நாட்டில் 2013 திருத்தத்தின்படி விற்பனையும் பரிவர்த்தனையும் செல்லா. எனவே ஜமாஅத்துக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு விற்பது இருவகையிலும் தவறு.

வாயால் சொன்ன வக்ஃபு செல்லுமா? ஷரீஅத்தில் தெளிவான சொல்லால் வக்ஃபு நிறைவேறும். ஆனால் 2025 சட்டப்படி பத்திரம் அவசியம். ஆகவே வாயால் சொன்னவர் உயிருடன் இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும்.

பெண்மக்களுக்குப் பங்கு போகாதிருக்க, சொத்தை ஆண்மக்கள் பெயரில் குடும்ப வக்ஃபு செய்யலாமா? அல்லாஹ் விதித்த பாகத்தைத் தடுக்க வக்ஃபைக் கருவியாக்குவது பெரும் பாவத்துக்கு வழி. 2025 சட்டமும், குடும்ப வக்ஃபின் மூலம் பெண் வாரிசுகளின் உரிமையை மறுக்கலாகாது என்கிறது. மரண நோயில் செய்யும் வக்ஃபு, வஸிய்யத்தைப் போல மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும்.

முத்தவல்லி சம்பளம் பெறலாமா? வாகிஃப் குறித்த அளவிலோ, உழைப்புக்குத் தக்க நியாயமான அளவிலோ பெறலாம். கணக்கில் எழுதாமல் எடுப்பது மோசடி.

வீட்டிலிருந்தே தொடங்குவோம்

வக்ஃபைக் காப்பது தலைவர்களின் வேலை என்று எண்ண வேண்டாம். நம் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்துப் பத்திரம் இருக்கலாம், எடுத்துப் பார்ப்போம். பழைய பத்திரங்களில் மையவாடியோ பள்ளியோ எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதுவும் ஓர் ஆதாரமே. நகலெடுத்து ஜமாஅத்திடம் கொடுப்போம். நாம் பள்ளிவாசல் கடையில் வியாபாரம் செய்பவராயின், நிர்வாகம் கேட்குமுன் நாமே நியாயமான வாடகைக்கு முன்வருவோம். ஹலாலான சம்பாத்தியத்தில் ஹராம் கலக்க, குறைந்த வாடகை என்ற ஒரு துளையே போதும். முத்தவல்லியின் குடும்பத்தார் தங்கள் பெயரில் உள்ள பட்டா வக்ஃபுடையது என்று அறிந்தால், வாரிசுகள் பெருகுமுன் மாற்றிக் கொடுத்துவிடட்டும். ஆண்டுக்கொருமுறை கணக்கு வாசிக்கும்படி ஜமாஅத்தில் பணிவோடு கேட்போம். கேட்பது பகைமை அன்று. முத்தவல்லியை மறுமையின் விசாரணைக்கு ஆயத்தமாக்கும் உதவி. படித்த நம் பெண்மக்கள் கோப்புகளைச் சரிபார்க்கவும் கணக்கெழுதவும் முன்வரட்டும். ஹஃப்ஸா (ரழி) அவர்களின் முன்மாதிரி அவர்களுக்கு உண்டு.

வக்ஃபு எந்த மனிதருக்கும் உடைமையன்று. அதனாலேயே அதன் காவல் நம் எல்லோர் மீதும் விழுகிறது. நமக்கு முன் சென்றவர்கள் தங்கள் கபுருக்கு வெளிச்சமாக விட்டுச் சென்ற சொத்துக்களை, நமக்குப் பின் வருவோர் கையில் குறைவின்றி ஒப்படைக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அமானிதத்தைப் பேணும் நல்லோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.